இடியன் துவக்கும் ஒரு வாளி சுடுதண்ணியும்

டென்மார்க்கில் இருக்கிற எங்கள் வீடுகளில் "துவக்கு" என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு இடம்தான் உண்டு. ஒன்று, அந்தச் சொல் காதில் விழுந்ததும் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிற இடம். மற்றது, சுவரில் மாலை போட்டிருக்கும் படம். மூன்றாவது இடத்தை எங்கள் தலைமுறை சேர்த்துக்கொண்டது: கணினி விளையாட்டு. அங்கே ரவை முடிந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எங்களில் பலர் வாழ்க்கையில் ஒரு துவக்கையும் தொட்டதில்லை. ஆனாலும் அதன்மேல் பயமும் மயக்கமும் ஒன்றாகக் கலந்துதான் வளர்ந்திருக்கிறோம்.

நான் மூன்று வருடமாக யூலண்டில் ஒரு சுடும் கழகத்தில் பழைய காலத்துத் துவக்கு சுடுகிறேன். குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் ஏற்றுகிற வகை. டெனிஷில் "ஃபோர்லேடர்" என்பார்கள். வன்னியில் இதற்குப் பெயர் "இடியன்". மருந்தை உள்ளே விட்டுக் கம்பியால் இடித்து இறுக்குவதால் அந்தப் பெயர் என்று ஊர்க்காரர் சொல்வார்கள்.

இதைச் சொன்னதும் எங்கட ஆக்கள் கேட்கிற முதல் கேள்வி: "எங்கட சனத்துக்கு இவ்வளவும் நடந்த பிறகும் உனக்கு இது தேவையோ?" நியாயமான கேள்வி. இந்தப் பதிவு அதற்கு என் பதில். தேவை என்றுதான் நான் நினைக்கிறேன். துவக்கை ஒரு பொருளாகப் பிரித்து, கழுவி, பூட்டிப் பார்த்தவருக்கு அதன்மேல் உள்ள பயமும் குறையும், மயக்கமும் குறையும். அதைப் படிப்பிக்க இடியனைப் போல நல்ல வாத்தியார் கிடையாது. ஆனால் இந்தப் படிப்புக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

13 வெடி, 30 நிமிடம்

இந்தத் துவக்கின் வேலையைத் தெரிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும்.

உள்ளே போவது கரிமருந்து. வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. ஊரில் சீனவெடிக்குள் இருப்பதும் இதே குடும்பம்தான். மருந்தை வீட்டிலோ கழகத்திலோ முன்கூட்டியே அளந்து சின்னச் சின்னக் குப்பிகளில் போட்டுக் கொண்டுபோக வேண்டும். பெரிய குடுவையிலிருந்து நேரே குழலுக்குள் ஊற்றவே கூடாது. முந்தின வெடியின் ஒரு பொறி உள்ளே உயிரோடு இருந்தால் குடுவை முழுவதும் கையிலேயே வெடிக்கும்.

மருந்துக்குப் பிறகு, எண்ணெய் தடவிய ஒரு துணித்துண்டும் அதன் நடுவில் உருண்டையான ஈயக்குண்டும். இடிகம்பியால் அதை மருந்தின்மேல் போய்க் குந்தும்வரை தள்ள வேண்டும். இடையில் வெளி விட்டால் குழலே பிளந்துவிடலாம். அதனால் இடிகம்பியில் ஒரு கோடு கீறி வைத்திருப்போம். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு குழலின் வாயோடு சரியாக நிற்க வேண்டும். கோடு மேலே நின்றால் குண்டு முழுதாக இறங்கவில்லை, அல்லது ஏற்கனவே உள்ளே ஒன்று இருக்கிறது. கீழே போனால் மருந்து போட மறந்துவிட்டோம்.

கடைசியில்தான் கேப். அதுவும் குழல் இலக்கைப் பார்த்து நிற்கும்போது மட்டும். விசையை இழுத்தால் "குதிரை" விழுந்து கேப்பை அடிக்கும், அதன் நெருப்பு உள்ளே போகும், வெடிக்கும். இன்னும் பழைய வகையில் கேப் கிடையாது. சக்கிமுக்கிக் கல் உருக்கில் உரசிப் பொறி தட்டும். வெளியே மருந்து பற்றுவதற்கும் உள்ளே வெடிப்பதற்கும் நடுவில், உணரக்கூடிய ஒரு சின்னத் தாமதம் இருக்கும். முகத்துக்கு முன்னால் நெருப்புப் பற்றினாலும் அசையாமல் குறியிலேயே நிற்கப் பழக வேண்டும். சில நேரம் கேப் வெடித்தும் துவக்கு வெடிக்காது. அப்போது குழலை இலக்கிலிருந்து எடுக்காமல் ஒரு நிமிடமாவது காத்திருக்க வேண்டும். உள்ளே எங்கோ நெருப்பு மெதுவாக நடந்துகொண்டிருக்கலாம்.

உலக அளவில் இந்த விளையாட்டை நடத்தும் அமைப்பு எம்.எல்.ஏ.ஐ.சி. அதன் முதல் உலகப் போட்டி 1971இல் பிரான்சில் நடந்தது. வழமையான விதி 30 நிமிடத்தில் 13 வெடி. அதில் நல்ல பத்தைக் கணக்கில் எடுப்பார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு வெடிக்கு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அந்த நேரத்தில் ஏற்றவும் வேண்டும், மூச்சை அடக்கிக் குறி பார்க்கவும் வேண்டும், புகை கலையும்வரை நிற்கவும் வேண்டும். பொத்தானை அழுத்தி ரவை நிரப்பிப் பழகிய கைக்கு இது பெரிய மருந்து. ஒவ்வொரு வெடிக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை உடம்பே படிக்கிறது.

ஒரே துவக்கு, மூன்று கதை

"இது டெனிஷ்காரரின் பொழுதுபோக்கு, எங்களுக்கு என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு வரலாறு கொஞ்சம்.

கோபன்ஹேகனில் இருக்கும் போர் அருங்காட்சியகத்துக்குப் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். அந்த நீளமான கட்டடம் நான்காம் கிறிஸ்டியான் மன்னர் கட்டிய ஆயுதக் களஞ்சியம். அதே மன்னரின் காலத்தில்தான் ஓவ கெட்டே என்ற தளபதியின் கப்பல்கள் கிழக்கே புறப்பட்டன. 1620இல் அவர்கள் முதலில் நின்ற இடங்களில் ஒன்று திருகோணமலை. கண்டி மன்னரோடு பேச்சு சரிவராமல் போக, தஞ்சாவூர் ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். அந்த 225 வருடமும் கோட்டைக் காவலர்கள் பிடித்திருந்தவை வாய் வழியாக ஏற்றும் துவக்குகள்தான். அந்தக் காலத்தில் ஐரோப்பா எரித்த வெடியுப்பில் பெரும் பங்கு இந்தியாவிலிருந்து, முக்கியமாக பீகார்ப் பக்கத்திலிருந்து, கப்பலில் போனது. எங்கள் பக்கத்து மண்ணில் எடுத்த உப்புத்தான் அந்தக் குழல்களுக்குள் வெடித்தது.

இரண்டாவது கதை 1864. டிப்பல் பற்றி வகுப்பில் படித்திருப்பீர்கள். லுண்ட்பியைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் குறைவாக இருக்கலாம். ஓல்போர்க்குக்குத் தெற்கே இருக்கிற சின்ன ஊர். 1864 யூலை 3ஆம் திகதி அதிகாலையில் ஒரு டெனிஷ் அணி, மண் வரம்புக்குப் பின்னால் படுத்திருந்த பிரஷ்யரை நோக்கித் துவக்குமுனைக் கத்தியோடு ஓடியது. டெனிஷ் கையில் இருந்தது வாய் வழியாக ஏற்றும் துவக்கு. நல்லாய்ப் பழகியவர் நிமிடத்துக்கு இரண்டு, மூன்று வெடி வைக்கலாம். ஏற்றுவதற்குப் பெரும்பாலும் எழும்பி நிற்க வேண்டும். பிரஷ்யர் கையில் இருந்தது பின்பக்கத்தால் ஏற்றும் ட்ரைஸ ஊசித் துவக்கு. படுத்தபடியே, அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் வேகமாகச் சுடலாம். கொஞ்ச நேரத்தில் டெனிஷ் பக்கத்தில் 30 பேருக்கு மேல் செத்தார்கள். பிரஷ்யர் பக்கத்தில் மூன்று பேருக்குக் காயம். என் கழகத்தில் இருக்கிற வயதான ஆக்களுக்கு இந்தக் கதை தெரியும். அவர்கள் இந்தத் துவக்கைச் சுடும்போது அதில் வெற்றிப் பெருமை இல்லை. தோற்ற துவக்கைத்தான் அவர்கள் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

மூன்றாவது கதை வன்னி. அங்கே இடியன், காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்கிற கமக்காரனின் கருவி. அதே இடியனைக் கட்டி, குறுக்கே கயிறு இழுத்து வைத்தால் அது கட்டுத்துவக்கு. மிருகத்துக்கு வைத்த கட்டுத்துவக்கில் மனிதர்கள் கால் இழந்த கதைகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கும்.

கோட்டைக் காவலன் கையில் அது அதிகாரம். லுண்ட்பியில் அது தோல்வி. வயலில் அது பாதுகாப்பும் ஆபத்தும். இரும்பும் மரமும் எங்கும் ஒன்றுதான். சுற்றி இருக்கிற மனிதர்களும் விதிகளும்தான் மாறுகின்றன. டென்மார்க்கில் அந்த விதி கழகத்தின் வழியாக வருகிறது. இங்கே சுடும் கழகங்களின் அமைப்பு 1861இலேயே தொடங்கியது. இன்றைக்கு அது டி.ஜி.ஐ.யின் ஒரு பகுதி. அனுமதி போலீசிடம், பழக்கம் கழகத்தில், துவக்கு பூட்டிய இரும்பு அலுமாரியில், மருந்துக்கும் அனுமதி. சின்னப் பிள்ளைகள் காற்றுத் துவக்கிலும் சலோன்ரிஃபெலிலும் தொடங்குவார்கள். யாரும் தனியாக ஒரு துவக்கை வைத்துக்கொண்டு வீரர் ஆகிவிட முடியாது. பக்கத்தில் நிற்பவர் "குழல் வெறுமையா?" என்று கேட்டால் காட்டத்தான் வேண்டும், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும். ஒரு ஊரில் துவக்கு எவ்வளவு ஆபத்து என்பதை அந்த ஊரில் யார் யாரைக் கேள்வி கேட்கலாம் என்பதே தீர்மானிக்கிறது. இதை நான் புத்தகத்தில் படித்திருந்தால் மறந்திருப்பேன்.

கழுவுகிற வேலைதான் பாடம்

சுடுவதைவிடக் கழுவுவதற்கு அதிக நேரம் போகும். கரிமருந்து எரிந்தால் அதில் ஒரு பகுதி புகையாகப் போகாமல் உப்பும் கரியுமாய்த் தங்கும். அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டென்மார்க்கின் ஈரக் காற்றைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. ஒரு இரவு கழுவாமல் விட்டால் காலையில் குழலுக்குள் துரு.

முதலில் இடிகம்பியை உள்ளே விட்டு, குழல் வெறுமை என்று உறுதி செய்ய வேண்டும். பிறகு குழலை மரத்திலிருந்து கழற்றி, கேப் குந்துகிற இரும்புக் குமிழையும் கழற்றி, குழலின் அடிப்பக்கத்தை ஒரு வாளி சுடுதண்ணிக்குள் வைக்க வேண்டும். கொஞ்சம் சவர்க்காரம் போதும். இறுக்கமான துணித்துண்டோடு கம்பியை மேலும் கீழும் இழுத்தால் தண்ணி பம்பு போல உள்ளே ஏறி இறங்கும். முதலில் மை போலக் கறுப்பாக வரும், பிறகு சாம்பல் நிறம். கடைசியில், கை தாங்காத சூட்டுத் தண்ணியை ஒருமுறை ஊற்றினால் இரும்பு சூடாகித் தானே காயும். உலர்ந்த துணி வெள்ளையாகவே வெளியே வந்தால்தான் எண்ணெய். அடுத்த நாள் இன்னொருமுறை துணி விட்டுப் பார்க்க வேண்டும்.

எந்த எண்ணெய் என்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. துணித்துண்டில் தடவுவதற்குக் கடையில் விற்கிற பெட்ரோலிய எண்ணெயைப் போட்டால் அது கரிமருந்தோடு சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தேன்மெழுகு, மிருகக் கொழுப்பு, ஒலிவ் எண்ணெய் மாதிரியானவைதான் ஒத்துவரும். இதை நான் ஒருநாள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா, என்னைப் பார்க்காமலே, "ஊரில நாங்கள் தேங்காயெண்ணெய்தான் போடுறது" என்றார். அவருடைய பெரியப்பாவிடம் ஒரு இடியன் இருந்ததும், சோங்கு உடைந்து கம்பி சுற்றிக் கட்டியிருந்ததும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். போரைப் பற்றி அப்பா இன்றைக்கும் கதைப்பதில்லை. ஆனால் போருக்கு முன்னால் இருந்த ஒரு வயலைப் பற்றியும் பன்றியைப் பற்றியும் கதைத்தார். அதை அவரிடம் நேரே கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

மாற்றலாம், எதை மாற்றலாம்?

இந்தத் துவக்கை உங்கள் கைக்கும் கண்ணுக்கும் ஏற்ற மாதிரி மாற்றுவது தனி இன்பம். ஆனால் 150 வருடப் பழைய உண்மையான துவக்கில் அரத்தை வைக்கக்கூடாது. அது உங்களுடையது மட்டும் கிடையாது, உங்களுக்குப் பிறகு வருபவருக்கும் உரியது. கை வைக்க ஆசையென்றால் புதிதாகச் செய்த நகலை வாங்குங்கள். இத்தாலியில் கார்டோனே வால் ட்ரோம்பியா என்ற ஊரில் பெடர்சோலி மாதிரியான நிறுவனங்கள் இதையே தொழிலாகச் செய்கின்றன.

நகலில் என்ன செய்யலாம்? குண்டு இலக்குக்குக் கீழே விழுகிறதா, முன்குறியைக் கொஞ்சம் அராவிக் குறைத்தால் குண்டு மேலே ஏறும். அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது; ஆகவே ஒரு அராவல், ஐந்து வெடி, பிறகுதான் அடுத்த அராவல். சோங்கின் அரக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பல நாள் தேய்க்கலாம். நீளமாக இருந்தால் தோளுக்கு ஏற்ப வெட்டலாம்.

குழலின் உள்ளே இருக்கும் புரியைப் பார்த்துக் குண்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 48 அல்லது 66 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் மெதுவான புரிக்கு உருண்டைக் குண்டு. நீளமான குண்டுக்கு இன்னும் வேகமான புரி வேண்டும். மருந்தின் அளவை, செய்த நிறுவனம் சொல்லும் குறைந்த அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுத வேண்டும். கூட மருந்து போட்டால் நல்லாய்ச் சுடும் என்பது பொய். கடதாசி இலக்குக்குச் சின்ன அளவே பெரும்பாலும் போதும். இந்தக் காலத்துப் புகையில்லா மருந்தை இதற்குள் போடவே கூடாது. குழல் வெடித்துச் சிதறும். ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்? படத்தில் இருக்கிற துவக்குக்கு இந்த விவரம் எதுவும் கிடையாது. விளையாட்டில் இருக்கிற துவக்கு துருப்பிடிப்பதில்லை. விவரம் கூடக்கூட மயக்கம் குறைகிறது. முன்குறியை அரை மில்லிமீட்டர் அராவுவதற்கு இரண்டு கிழமை யோசித்த ஒருவர், அதைக் கையில் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துப் போட மாட்டார்.

அந்த நிபந்தனை

இனி நான் சொன்ன நிபந்தனை. எனக்குச் சட்டம் ஒரு உரிமையைத் தருகிறது. ஆனால் அந்த உரிமையோடு என் வீட்டுக்குள் நான் மட்டும் இருக்கவில்லை.

டிசம்பர் 31ஆம் திகதி இரவு டென்மார்க் முழுவதும் வாணவேடிக்கை. அந்த நேரம் என் அம்மா யன்னல் இல்லாத குளியலறைக்குள் போய் இருப்பார். 30 வருடத்துக்கு மேல் இங்கே இருக்கிறார், இன்னும் அப்படித்தான். உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார். கரிமருந்தின் கந்தக மணம் சட்டையில் ஒட்டும். உங்களுக்கு அது சனிக்கிழமை மணம். அம்மாவுக்கு அது வேறொரு நாள்.

அதனால் என் துவக்கு கழகத்தின் அலுமாரியில்தான் இருக்கிறது. கழுவுவதும் அங்கேதான். உடுப்பை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறேன். சில நண்பர்கள் இதை "பயந்து வாழ்கிறாய்" என்கிறார்கள். பெரியவர்கள் பயத்திலிருந்து வெளியே வர நாங்கள் உதவ வேண்டாமா என்று கேட்கிறார்கள். உதவலாம், அவர்கள் கேட்டால். ஒருவருடைய காயம் எப்போது ஆறும் என்று பிள்ளை முடிவு செய்ய முடியாது. என் ஆர்வத்தைப் பழக எனக்கு இடம் வேண்டும், அவருக்குத் தன் வீட்டில் நிம்மதி வேண்டும். இரண்டையும் ஒரு கழக அலுமாரி கொடுக்கிறது என்றால் அதைவிட மலிவான தீர்வு எங்கே கிடைக்கும்?

மறுபக்கத்தில், பெரியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். "துவக்கு" என்ற சொல் வந்ததும் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டாதீர்கள். நீங்கள் சொல்லாத இடத்தை விளையாட்டும் படமும் நிரப்பிவிடும். போரைப் பற்றிச் சொல்ல முடியாவிட்டால், வயலைப் பற்றியாவது சொல்லுங்கள்.

ஆர்வம் வந்தவர்கள் இப்படித் தொடங்குங்கள். ஒருநாள் சீலண்டில் ஃப்ரெடெரிக்ஸ்வேர்க்குக்குப் போங்கள். 18ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை அங்கே இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. பிறகு உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எந்தக் கழகத்தில் ஃபோர்லேடர் சுடுகிறார்கள் என்று விசாரித்து, பயிற்சி நாளில் போய்ச் சும்மா பாருங்கள். பார்க்கக் காசு வாங்க மாட்டார்கள். பெரும்பாலும் கோப்பியும் தருவார்கள். சுடக் கேட்பதற்கு முன்னால் "கழுவ உதவட்டுமா?" என்று கேளுங்கள். அந்தக் கறுப்புத் தண்ணியில் கை வைத்த பிறகும் ஆர்வம் இருந்தால், அது உண்மையான ஆர்வம். அதற்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். "வேண்டாம்" என்று சொன்னாலும், ஏன் என்று சொல்லும்வரை பக்கத்தில் இருங்கள்.